வடநெம்மேலியின் நஞ்சும் மருத்துவமனையின் வாயிலும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் மண்பானைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பானையின் வாய் துணியால் இறுகக் கட்டப்பட்டிருக்கும். அடியில் மணல், மணலின்மேல் ஒரு பாம்பு. இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டில் தோன்றியது. பாம்புத்தோல் வணிகத்தைச் சட்டம் தடுத்தபின் பிழைப்பிழந்து நின்ற இருளர் குடியினரின் கைத்திறனை, உயிர் காக்கும் தொழிலாக மாற்றியவர் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை உரிமம் தரும் எண்ணிக்கைக்குள் பிடித்து வருகிறார்கள். மூன்று நான்கு வாரம் பானையில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாள வெட்டு ஒன்று இட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மறுபடி கையில் அகப்பட்டால் அதனைத் தொந்தரவு செய்வதில்லை.

உறையவைத்து உலர்த்திய அந்நஞ்சு, மருந்து செய்வோரிடம் சேர்கிறது. அவர்கள் அதனை மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் குதிரைகளுக்குச் செலுத்துகின்றனர். குதிரையின் குருதியில் நஞ்சை எதிர்க்கும் புரதங்கள் பெருகுகின்றன. அவற்றைப் பிரித்துத் தூய்மை செய்து உலர்த்திக் குப்பியில் அடைத்தால் நச்சுமுறி மருந்து. இந்திய மருத்துவமனைகள் பயன்படுத்தும் இம்மருந்துக்கு மூலமாகும் நஞ்சில் பெரும்பங்கு நெடுங்காலமாக இக்கடற்கரைச் சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது கிடைத்தது.

இதே இருளர், தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் எனப் பட்டியலிடப்பட்ட ஆறு குடிகளுள் ஒரு குடியினர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 1.9 இலட்சம் பேர். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழ்வோர் அவர்களுள் மிகுதி. விறகு வெட்டும் இடத்திலும் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பங்களை, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் இன்றும் மீட்டு வருகின்றனர். மருந்தின் மூலப்பொருளைத் தருகிற குடிக்கு அம்மருந்து எவ்வளவு எளிதில் கிட்டும் என்று கேட்டால், நிலப்படம் மட்டும் விடை சொல்லாது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கல்லூரி தொடங்கி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. சாலை நன்று, ஊர்தியும் உண்டு. ஆயினும் அந்த முப்பது கிலோமீட்டர் எல்லார்க்கும் ஒரே நீளமானது அன்று.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. நோய்களுள் பல மெல்ல வருகின்றன. அவற்றில் குமுகாயத்தின் பங்கைப் பிரித்தறிவது கடினம். பாம்புக்கடியோ மணிக்கணக்கில் முடிவது. எந்த மணியில் எது தடுத்தது என்பதை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டலாம். இந்திய இறப்புகளைக் குறித்த பெரும் ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. 2005ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 46,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 97 பேர் சிற்றூரினர் என்றும், மருத்துவமனையில் இறந்தோர் நூற்றுக்கு 23 பேர் மட்டுமே என்றும் அது கண்டது. எஞ்சியோர் வீட்டிலோ வழியிலோ உயிர்விட்டனர். மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் கூட்டிய அரசுக் கணக்கு இதில் மிகச் சிறு பகுதியையே காட்டியது. 2020இல் வெளிவந்த அடுத்த கணிப்பு, 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 இறப்புகள் என்றது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு நூறாண்டுக்கு மேலாகிவிட்ட ஒரு கேட்டில் இத்தனை பேர் சாவதற்கு மருந்தியலில் மட்டும் காரணம் தேடிப் பயனில்லை.

சட்டம் என்ன உறுதி தருகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். மக்கள் நலவாழ்வை உயர்த்துவது அரசின் முதற்கடமைகளுள் ஒன்று என அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் உறுப்பு கூறுகிறது. அது வழிகாட்டு நெறி. வழக்கு மன்றத்தில் நேரே கேட்டுப் பெற இயலாதது. அந்தக் குறையை 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பெரிதும் நீக்கியது. மேற்கு வங்கத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஓர் உழவுத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டில் இல்லை, கருவி இல்லை என்று திருப்பியனுப்பின. உடனடி மருத்துவம் தராமை, உயிர் வாழும் உரிமையை உறுதிசெய்யும் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என்றும், பணமில்லை என்பது அரசுக்கு விடையாகாது என்றும் நீதிமன்றம் கூறிற்று. தமிழ்நாட்டுக்கோ இன்னும் பழைய மரபு உண்டு. நாட்டிலேயே முதலாவதான பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாய் மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அளிக்கிறது. அவ்வாறே நச்சுமுறி மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆக, உறுதி உண்டு, மருந்தும் உண்டு. இவ்விரண்டுக்கும் நோயாளிக்கும் இடையே இருப்பதுதான் நம் பொருள்.

கடி எங்கே நிகழ்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் உயிர். எலியையும் பிற பாம்புகளையும் தேடிக் குடிசைக்குள் நுழைந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரின் உடற்சூட்டருகே ஒதுங்குகிறது. அவர் புரண்டு படுக்கையில் கடிக்கிறது. கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ இராது. பல் பட்ட தடமும் பெரும்பாலும் தெரியாது. விடியுமுன் வயிற்றுவலி வரும்; இமைகள் தாமே சரியும்; நாக்குக் குழறும்; பின் மூச்சுத் தசைகள் ஓயும். கட்டிலில் படுப்பவரையும் கொசுவலை கட்டியவரையும் இப்பாம்பு அரிதாகவே கடிக்கிறது. நேபாளத்தின் தாழ்நிலச் சிற்றூர்களில் நடந்த ஆய்வு கொசுவலையின் இக்காப்பை உறுதிப்படுத்தியிருக்கிறது. எனவே கட்டுவிரியன் கடி என்பது பாம்பின் இயல்பைப் போலவே தரை, கூரை, கட்டில், மின்விளக்கு, கழிப்பறை ஆகியவற்றின் கணக்குமாகும். வீட்டுமனைப் பட்டா இல்லாதவருக்கு அரசு வீடு கட்டித்தர வழியில்லை. வீடு இல்லாதவர் தரையில் படுக்கிறார். நோய்த்தடுப்பின் முதற்படி இங்கே வருவாய்த்துறையின் கோப்பில் கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

பகற்கடி வேறுவகை. நெல் அறுவடையில் கைவிடும் தாளடியிலும், வரப்புப் புல்லிலும், விறகுக் குவியலிலும் கண்ணாடி விரியன் சுருண்டிருக்கும். அதன் நஞ்சு குருதியின் உறையும் ஆற்றலைக் குலைக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். வயல் எலியைத் தோண்டிப் பிடித்து, வளையிலுள்ள நெல்மணியையும் எடுத்துக்கொள்ளும் இருளர் வழக்கத்தில் கையை வளைக்குள் விடாமல் வேலை நடவாது. முழங்கால்வரை உயர்ந்த காலணி இருந்தால் கடிகளிற் பல தோலைச் சேரா. ஆனால் நாட்கூலி வாங்குபவருக்கு அக்காலணியை யார் வாங்கித் தருவார்?

கடல் பக்கமும் இதே கதைதான், சிறு மாற்றத்துடன். வலையில் மீனோடு ஏறிவரும் கடற்பாம்பைக் கையால் எடுத்தெறியும் மீனவருக்கு, வடநெம்மேலி நஞ்சிலிருந்து பிறந்த மருந்து உதவாது. அது தரைப்பாம்பு நான்குக்கு மட்டுமே உரியது.

கடிபட்டபின் முதலில் யாரிடம் போவது? இவ்விடத்தில் கற்றோர் பலர் அறியாமை என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகின்றனர். நான் அதனை ஏற்பதில்லை. மந்திரிப்பவரும் பச்சிலை தருபவரும் அடுத்த தெருவில் இருக்கிறார்; நள்ளிரவிலும் கதவைத் திறக்கிறார்; பெயரும் உறவும் சொல்லி அழைக்கிறார்; கூலியை அறுவடைக்குப்பின் வாங்கிக்கொள்கிறார். அவர் புகழ் நிலைப்பதற்கு அறிவியல் விளக்கமும் உண்டு. கடிப்பவற்றுள் மிகுதி நஞ்சற்ற பாம்புகள். நச்சுப்பாம்பும் சிலபோது நஞ்சைச் செலுத்தாமலே கடிக்கிறது. ஆகவே அவரிடம் வருவோருள் பெரும்பாலார் எதுவும் செய்யாவிடினும் பிழைப்பர். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். இறந்தவர் சொல்ல வருவதில்லை. இருளர் மூலிகையறிவு பெரிது. செங்கல்பட்டு மாவட்டத்துத் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் அதனைப் பேணி வளர்த்தும் வருகிறது. ஆனால் நரம்பு முனையைத் தாக்கிவிட்ட கட்டுவிரியன் நஞ்சுக்கு இலையில் மருந்தில்லை. காலம் கடந்தால் ஊசியிலும் முழுப்பயன் இல்லை. முனை சிதைந்தபின் முறிமருந்து அதனைத் திருப்பித் தராது. புதுமுனை வளரும்வரை நாள்கணக்கில் செயற்கை மூச்சுக்கருவியே உயிரைத் தாங்க வேண்டும். பச்சிலை தருபவரையே முதல் அழைப்பாளராக்கி, கை வைக்குமுன் 108ஐ அழைக்கச் சொல்லிப் பழக்குவது, அவரை இகழ்வதைவிட மிகுந்த உயிர்களைக் காக்கும்.

108 ஊர்தி தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. அதனை அழைக்கக் கைப்பேசி வேண்டும். அதில் மின்னூட்டம் வேண்டும். சூளையின் பெயரும் வழியும் சொல்லத் தெரிய வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்து இவ்வட்டாரச் சூளைகளில் கல் அறுப்போருக்கு அம்மூன்றாவது எளிதன்று. சூளைப் பொறுப்பாளரின் ஒப்புதலின்றி இரவில் வெளியேற இயலாத குடும்பத்துக்கு முதலிரண்டும் இருந்தும் பயனில்லை.

மருத்துவமனைக்குள் நுழைந்தபின் நடப்பது உண்மையில் எளிய அறிவியல். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் குருதியை எடுத்து இருபது நிமிடம் அசையாது வைத்துப் பின் சாய்க்க வேண்டும். உறைந்திருந்தால் நன்று, நீராய் ஓடினால் விரியன் நஞ்சு வேலை செய்கிறது. மின்கருவி வேண்டா, ஆய்வகம் வேண்டா. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்துவிடலாம். முதல் தவணை வழக்கமாகப் பத்துக் குப்பி. உலர்த்திய மருந்துக்குக் குளிர்பெட்டியும் தேவையில்லை. ஒவ்வாமை வந்தால் எதிர்கொள்ளும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கும் துணிவுதான் தேவை. அந்தத் துணிவில்லாத இடத்தில் மேலிடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சீட்டு எழுதப்படுகிறது. நஞ்சோ சீட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

1971ஆம் ஆண்டில் வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் அதன் தேவை மிகுந்த இடத்தில் குறைவாகவும் தேவை குறைந்த இடத்தில் மிகுதியாகவும் கிடைக்கிறது என எழுதினார். எல்லார்க்கும் இலவச மருத்துவம் தரும் பிரித்தானியாவில் இருந்துகொண்டு அவர் இதனைக் கண்டார் என்பதே கருதத்தக்கது. கட்டணத்தை நீக்கிவிட்டால் எல்லாம் சமமாகிவிடும் என்ற நம்பிக்கையை அவர் கட்டுரை உடைத்தது. நம் கடற்கரையிலும் கட்டணம் இல்லை; செலவு உண்டு. கண்ணாடி விரியன் கடித்துச் சிறுநீரகம் நலிந்தவர் வாரக்கணக்கில் படுத்திருப்பார். அவர் கூலி போகும்; கூட இருப்பவர் கூலியும் போகும்; முன்பணக் கடனுக்கு வட்டி ஏறும். மூன்றாம் நாளே பெயரை வெட்டிக்கொண்டு கிளம்பிவிடும் நோயாளியை மருத்துவர் பொறுப்பற்றவர் என்பார். அவர் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் அது பொறுப்பே என்று தோன்றும்.

தாள்களின் கதை தனி. அரசு மருத்துவமனை நச்சுமுறி ஊசிக்கு அட்டை கேட்பதில்லை. ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியார் மருத்துவமனைக் கட்டிலைப் பெற வேண்டுமெனில் குடும்ப அட்டை வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். பிற நலவுதவிகளுக்கு வேண்டிய பழங்குடிச் சான்றைக் கோட்டாட்சியர் தர வேண்டும். முகவரியே இல்லாதவருக்கு முகவரிச் சான்று எங்கிருந்து வரும்? மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் வாழும் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு 2021 நவம்பர் 4 அன்று முதலமைச்சர் நேரில் வந்து வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் பிற நலவுதவிகளும் வழங்கினார். மகிழத்தக்க நாள். ஆயினும் உலகப் பாரம்பரியச் சின்னங்களைக் காண வெளிநாட்டார் வந்து குவியும் ஊரின் விளிம்பில், ஒரு தாளுக்காக முதலமைச்சரே வரவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்ததே 2023இன் தொடக்கத்தில்தான்.

மெல்லக் கொல்லும் நோயில் தாளின் கொடுமை இன்னும் ஆழமாகிறது. மாமல்லபுரத்தின் சிற்பக்கூடங்களில் கருங்கல்லை அறுக்கும் மின்சக்கரம் எழுப்பும் நுண்தூளில் சிலிக்கா கலந்திருக்கிறது. அது நுரையீரலின் நுனிப்பைகளில் படிந்து தழும்பாய் இறுகுகிறது. உளியும் சுத்தியலும் எழுப்பிய தூளைவிட இச்சக்கரத்தின் தூள் நுண்ணியது, மிகுதியானது. இருமலும் இளைப்புமாய் வருபவரைக் காசநோயாளி என்று கருதி மாதக்கணக்கில் மருந்து தருவது இந்நோயில் எங்கும் நேரும் பிழை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் பட்டியலில் இது தொழில்சார் நோய், இழப்பீடு உண்டு. ஆனால் அப்பட்டியலுக்குள் வர, சம்பளப் பதிவேடு வைத்த ஒரு முதலாளி வேண்டும். சிலைக்கு இவ்வளவு எனப் பேசிச் செய்யும் கைவினைஞருக்கு அப்படி யாரும் இல்லை. 2017இல் இவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லுக்குப் பதிவு வந்துவிட்டது.

இழிவு என்னும் தடையை இம்மாவட்டம் வேறெங்கும் காணாத அளவுக்குக் கண்டிருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் இருந்தது. ராபர்ட் காக்ரேன் அங்குப் பணியாற்றியதால் அது உலகப் புகழ் பெற்றது. 1955இல் அது நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. கூட்டுமருந்து 1981க்குப்பின் பரவி, தொழுநோயை மாதங்களில் முடிக்கக்கூடிய நோயாக்கியது. மருந்து இலவசம். இருந்தும் தோலில் உணர்வற்ற வெண்படை தோன்றியவர் அதனை மறைத்தார். மகளுக்கு மணம் முடியட்டும் என்று காத்தார். விரல் மடங்கியபின் வந்தார். நோயுற்றோரைப் பிரித்தடைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016 வரை ஏட்டில் நீடித்தது. நோய்நுண்ணுயிரைக் கொல்ல மாதங்கள் போதும். அச்சட்டத்தை நீக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

மாற்றுவழி இல்லாமலில்லை, அதற்கான சான்றும் இதே மண்ணில்தான் பிறந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவினரை நல்லுணவும் ஓய்வும் உள்ள நோய்ப்பேணகத்திலும், மற்றொரு பிரிவினரை நெருக்கடியான தம் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் நலம் பெற்றனர்; உடனிருந்த வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. உலகம் முழுதும் காசநோய் மருத்துவத்தை அது மாற்றியது. நோயாளியின் வாழ்க்கைக்குள் மருத்துவம் நுழையலாம் என்பதற்கு அதைவிடத் தெளிந்த நிறுவல் அரிது. 2021 ஆகசுட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், குருதியழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாயிலிலேயே மருந்து தருவது அம்மரபின் தொடர்ச்சி எனலாம். வீட்டு எண் இல்லாத குடிசையின் வாயிலுக்கும் அப்பணியாளர் செல்கிறாரா என்பதை மாவட்டந்தோறும் தனியே அளந்து பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று வடதமிழகத்து இருளர் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுகின்றனர். கன்னியம்மனை வழிபட்டு, திருமணமும் மொட்டையும் பெயர்சூட்டலும் அம்மணலிலேயே நடத்துகின்றனர். சிதறி வாழும் குடியினர் தாமாகவே ஓரிடத்தில் திரளும் அந்நாளை, அவர்கள் விழாவைக் குலைக்காமல், சான்றிதழுக்கும் தடுப்பூசிக்கும் குருதிச் சோதனைக்கும் பயன்படுத்திக்கொள்ள அலுவலகங்களுக்குத் தேவைப்படுவது நாட்காட்டியைப் பார்க்கும் பழக்கம் ஒன்றே.

இன்னொரு முன்மாதிரி மேல்மருவத்தூரில் தொடங்கியது. 2021 திசம்பர் 18 அன்று அறிமுகமான இன்னுயிர் காப்போம் திட்டம், சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணிநேர மருத்துவத்தைத் தனியார் மருத்துவமனையிலும் அரசுச் செலவில் தருகிறது. காப்பீட்டு அட்டை உண்டா, எந்த மாநிலம், எந்த நாடு என்று கேட்பதில்லை. உயிர் முதலில், தாள் பிறகு என்பதை ஓர் அரசு ஆணையாக எழுத முடியும் என்று அது காட்டிவிட்டது. நெடுஞ்சாலையில் விழுந்தவருக்குத் தரும் அதே நாற்பத்தெட்டு மணிநேரத்தை வரப்பில் விழுந்தவருக்கும் விரிப்பதில் நெறியளவில் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாலைவிபத்து எல்லா வகுப்பாரையும் தாக்குகிறது. பாம்பு பெரும்பாலும் ஒரு வகுப்பாரையே தாக்குகிறது. முன்னதற்குத் திட்டம் முந்தி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

உலக நலவாழ்வு அமைப்பு 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் சேர்த்தது. 2030க்குள் இறப்பைப் பாதியாக்க இலக்கு வைத்தது. இந்திய அரசின் தேசியச் செயல்திட்டம் 2024 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அரசு மருத்துவமனையாயினும் தனியாராயினும் ஒவ்வொரு கடியையும் தெரிவிக்க வேண்டும். இனிக் கணக்கு வரும். அந்தக் கணக்கில் பாம்பின் இனமும் குப்பிகளின் எண்ணிக்கையும் மட்டும் இருந்தால் மருந்துக் கிடங்குக்கு அது பயன்படும். கடிபட்டவர் தரையில் படுத்திருந்தாரா, முதலில் யாரிடம் போனார், ஊர்தி எத்தனை மணிக்கு வந்தது, எந்த வாயிலில் திருப்பியனுப்பப்பட்டார், எத்தனை நாள் கூலி இழந்தார் என்ற ஐந்து வரிகளையும் அப்படிவத்தில் சேர்க்க வேண்டும். மருத்துவமனைக்கு வராமலே இறந்தவருக்காக, ஊர்தோறும் இறப்பைப் பதியும் கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டிலும் அதே வரிகள் இடம்பெற வேண்டும்.